சி.எஸ். நமக்கு என்ன செய்தார்? கோட்டையில் இருந்த அந்தப் பத்து வருடம்

செப்டம்பர் 9, இரவு

உடுமலைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருப்பது இது: "சி. சுப்பிரமணியம் என்றால் பசுமைப் புரட்சி, பாரத ரத்னா என்கிறீர்கள். அதெல்லாம் டெல்லிக் கதை. பஞ்சாபுக்குக் கோதுமை கிடைத்தது. கொங்கு நாட்டுக்கு அவர் செய்தது என்னங்க? பி.ஏ.பி.யை (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்தை)க் கொண்டுவந்தது காமராஜர். நம்ம ஊர்க்காரர் என்பதால் இவரையும் சேர்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் இல்லைங்க. சி.எஸ். டெல்லிக்குப் போனது 1962இல், பொள்ளாச்சி எம்.பி.யாக. அதற்கு முன்னால் 1952 முதல் 1962 வரை சென்னை சட்டமன்றத்தில் இருந்தார். அந்தப் பத்து வருடமும் அமைச்சர். முதலில் ராஜாஜியிடம், பிறகு காமராஜரிடம். காமராஜர் காலத்தில் நிதி, கல்வி என்ற இரண்டு பெரிய துறைகளும் அவர் கையில் இருந்தன. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் பேச்சாகவும், கணக்காகவும், கேரளத்தோடு உடன்பாடாகவும், கடைசியில் மண் வெட்டும் வேலையாகவும் மாறியது எல்லாம் அதே பத்து வருடத்துக்குள்தான். மாநிலத்தின் பணப்பெட்டியை வைத்திருந்தவர் பொள்ளாச்சி வட்டம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த மனிதர். காங்கயம் பக்கம் கடைமடையில், அதாவது வாய்க்கால் முடிகிற இடத்தில், தோட்டம் வைத்திருக்கும் எனக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை.

கோதுமைக் கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். கோட்டையில் இருந்த அந்தப் பத்து வருடத்தைத்தான் யாரும் நின்று பார்ப்பதில்லை. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

செப்டம்பர் 10

"காமராஜர்தானே முதல்வர்" என்று மறுபடியும் வந்திருக்கிறது. ஆமாம், காமராஜர்தான் முதல்வர். அவர் முடிவெடுக்காமல் எதுவும் நடந்திருக்காது. அதை யார் மறுத்தார்கள்?

1954 மார்ச் கடைசியில் நடந்ததை மட்டும் நினைவுபடுத்துகிறேன். ராஜாஜி விலகியதும் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தல் வந்தது. காமராஜரை எதிர்த்து நின்றவர் சி.எஸ். ராஜாஜியின் ஆதரவு அவருக்கு. ஓட்டு எண்ணியபோது காமராஜருக்கு 93, சி.எஸ்.ஸுக்கு 41. தோற்றவரைக் காமராஜர் அமைச்சரவைக்கு வெளியே நிறுத்தவில்லை, உள்ளே அழைத்து முக்கியமான துறைகளைக் கொடுத்தார். தோற்றவரும் எட்டு வருடம் அவருக்குக் கீழே முழு மனதோடு வேலை செய்தார். இரண்டு பேரையும் பாராட்ட வேண்டிய இடம் இது. இதில் ஒருவரை உயர்த்த இன்னொருவரைத் தாழ்த்த வேண்டிய தேவை எங்கே இருக்கிறது?

செப்டம்பர் 10, கொஞ்ச நேரம் கழித்து

இன்னொன்றும் சேர்க்கிறேன். அந்த அமைச்சரவையில் 1957க்குப் பிறகு பொதுப்பணித் துறை கக்கனிடம் இருந்தது. அதனால் "சி.எஸ். ஒற்றை ஆளாக அணை கட்டினார்" என்று யாராவது மேடையில் பேசினால் அதையும் நான் ஏற்க மாட்டேன்.

செப்டம்பர் 13

கோவையில் படிக்கும் தம்பி ஒருவர், "பி.ஏ.பி. என்று பேசுகிறீர்கள், அது எப்படி வேலை செய்கிறது என்றே எங்களுக்குத் தெரியாதுங்க அண்ணா" என்று கேட்டிருக்கிறார். அவர் வீடு பொள்ளாச்சி ரோட்டில்தான். சரி, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆனைமலையில் பெய்யும் மழை பெரும்பாலும் மேற்கே இறங்கிக் கேரளம் வழியாகக் கடலுக்குப் போய்விடும். மலைக்கு இந்தப் பக்கம் நாம் மழை மறைவில் இருக்கிறோம். மேற்கே அடை மழை, காங்கயத்தில் காற்று மட்டும். அப்படி மேற்கே போகிற தண்ணீரில் ஒரு பங்கைக் கிழக்கே திருப்புவதுதான் திட்டம். மலையில் ஆனைமலையாறு, நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் என்று ஆறு ஆறுகள், சமவெளியில் ஆழியாறு, பாலாறு என்று இரண்டு. நீராற்றுத் தண்ணீர் சோலையாறு அணைக்கு வரும், அங்கிருந்து சுரங்கம் வழியாகப் பரம்பிக்குளம், பிறகு தூணக்கடவு, பிறகு சர்க்கார்பதி மின்நிலையத்தில் விழுந்து மின்சாரமாகி, காண்டூர் கால்வாயில் மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நடந்து திருமூர்த்தி அணைக்கு வரும். அங்கிருந்துதான் பிரதான கால்வாய். உடுமலை, பல்லடம், பொங்கலூர், காங்கயம், வெள்ளகோவில் எல்லாம் அதன் கிளைகளில் குடிக்கிறவை.

ஒரு வரியில் எழுதிவிட்டேன். ஆனால் இந்த ஒரு வரிக்குள் எத்தனை அணை, எத்தனை மைல் சுரங்கம் என்று யோசித்துப் பாருங்கள். பரம்பிக்குளம் அணை இருக்கும் மண் கேரள மண். அணையைப் பராமரிப்பது தமிழ்நாடு. 2022 செப்டம்பரில் அங்கே ஒரு மதகு பெயர்ந்து தண்ணீர் ஆற்றில் போனபோது இங்கே எங்கள் ஊர் டீக்கடையில் யாரும் பேசவே இல்லை. அந்த அணை எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. அதன் தண்ணீரில் வளர்ந்த தென்னையின் இளநீர் எல்லோர் வயிற்றிலும் இருக்கிறது.

இப்போது திருமூர்த்தி அணையின் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 3.77 லட்சம் ஏக்கர். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் விடத் தண்ணீர் கிடையாது. அதனால் நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைக்கிறார்கள். ஒரு மண்டலத்துக்கு முறை வந்து போனால் அடுத்த முறை இரண்டு வருடம் கழித்துத்தான். அந்த முறையிலும் இத்தனை சுற்று என்று கணக்கு இருக்கிறது. சுற்று ஒன்று குறைந்தாலும் மக்காச்சோளம் கதிர் பிடிக்காது. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கிணற்றில் மட்டம் ஏறும், போரில் ஊற்று வரும். முறை இல்லாத வருடத்தில் எங்களைக் காப்பாற்றுவது அந்த ஊற்றுதான். எங்கள் அப்பாரு கவலை ஓட்டிய கிணறு இன்னும் இருக்கிறது. வாய்க்கால் வராத காலத்தில் அதில் எருது இழுத்து வந்தது எத்தனை சால் என்று அப்பாரு சொல்லியே கேட்டிருக்கிறேன். கம்பும் சோளமும் கொறங்காடுமாக (மேய்ச்சல் நிலமாக) இருந்த மண் இது.

செப்டம்பர் 14

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "இதெல்லாம் இன்ஜினியர்கள் வேலை, சட்டமன்றத்தில் உட்கார்ந்தவருக்கு என்ன பங்கு" என்கிறார்.

கேள்வி நல்ல கேள்வி. ஆற்றைத் திருப்ப முடியும் என்று சொல்வது இன்ஜினியர். அது இன்னொரு மாநிலத்தின் ஆறு என்றால் அடுத்த வேலை யாருடையது? 1957 ஏப்ரலில் கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு வந்தது. இங்கே காங்கிரஸ். கொள்கையில் எதிரும் புதிருமான இரண்டு அரசுகள் உட்கார்ந்து தண்ணீரைப் பங்கு போட்டுப் பேசி முடித்திருக்கின்றன. உடன்பாடு நடைமுறைக்கு வந்த நாளாக 1958 நவம்பர் 9 குறிக்கப்பட்டது. முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தது எப்போது தெரியுமா? 1970 மே 29. நடுவில் பன்னிரண்டு வருடம் போல இடைவெளி. அந்த இடைவெளியில் வேலை நிற்கவில்லை. 1961 அக்டோபர் 7இல் நேரு வந்து திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கையெழுத்து ஆகும்போது இங்கே ஆட்சியே மாறிவிட்டது, திமுக அரசு. அங்கே அச்சுத மேனன். முதலில் பேசியவர்களில் ஒருவரும் நாற்காலியில் இல்லை. ஆனாலும் பேச்சு செல்லுபடியானது, பழைய தேதியிலிருந்தே.

கேரளத்துக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். சோலையாற்றில் வருடத்துக்கு 12.3 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி), சித்தூர்ப் பகுதிக்காக மணக்கடவில் 7.25 டி.எம்.சி. நம் ஆட்கள் சிலர் மேடையில் "நம் தண்ணீரை அவன் கேட்கிறான்" என்று பேசும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். மேற்கே ஓடிய ஆறு அது. கொடுத்து வாங்கியதால்தான் நமக்கு வந்தது. அப்படிக் கொடுத்து வாங்கத் தெரிந்தவர்கள் அன்று கோட்டையில் இருந்தார்கள் என்பதுதான் என் வாதம் முழுக்க.

செப்டம்பர் 14, இரவு

நேருதான் பி.ஏ.பி.யைக் கொடுத்தார் என்று எழுதியவருக்கு: தொடங்கிவைத்தது நேரு. கட்டியது மாநில அரசு. இரண்டும் வேறு.

செப்டம்பர் 19

பொள்ளாச்சிக்காரர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். வி.கே. பழனிசாமிக் கவுண்டரையும் அருட்செல்வர் மகாலிங்கத்தையும் நான் சொல்லவே இல்லையாம். கோபம் நியாயமானது. கேள்வி சி.எஸ். பற்றி என்பதால் அங்கேயே நின்றேன். இப்போது யோசித்தால், அவர்களைச் சொல்லாமல் சி.எஸ். கதை பாதிதான்.

வேட்டைக்காரன்புதூர் வி.கே.பி. இந்தத் திட்டத்துக்காக விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தவர். மகாலிங்கம் 1952 முதல் 1967 வரை பொள்ளாச்சி எம்.எல்.ஏ. பஸ், சர்க்கரை ஆலை என்று அவரைத் தொழிலதிபராக மட்டும் நினைக்கிறோம். பதினைந்து வருடம் சட்டமன்றத்தில் இருந்தார் என்பது இளையவர்களுக்குத் தெரியவே தெரியாது. பொள்ளாச்சியில் என்.ஜி.எம். கல்லூரி 1957இல் வந்தது அவர் முயற்சியில்தான். 2014 காந்தி ஜெயந்தியன்று, வருடா வருடம் அவரே நடத்திவந்த வள்ளலார்–காந்தி விழாவிலேயே உயிர் பிரிந்தது.

ஆக, ஊரில் கேட்டுக்கொண்டே இருக்க ஒருவர், தொகுதியின் குரலாகச் சட்டமன்றத்தில் ஒருவர், அமைச்சரவையில் நிதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர், எல்லோருக்கும் மேலே முடிவெடுக்கக் காமராஜர். நாலு பேரும் ஒரே நேரத்தில் அமைந்தது நம் பாக்கியம். பொள்ளாச்சியில் நாலு பேருக்கும் சேர்த்தே சிலை வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த காரியம்.

செப்டம்பர் 20

கோபிக்காரர் விடுவாரா? "கீழ்பவானியை மறந்துட்டீங்களே" என்று வந்துவிட்டார். மறக்க முடியுமா. ஈரோட்டு எம்.எல்.ஏ. தியாகி எம்.ஏ. ஈஸ்வரன் அதற்காகப் போராடியவர். 1948இல் ஆரம்பித்து 1955இல் பவானிசாகர் முடிந்தது. 2.07 லட்சம் ஏக்கர், 200 கிலோமீட்டர் வாய்க்கால். அது பி.ஏ.பி.க்கு மூத்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் அந்த வாய்க்காலைப் பார்த்துத்தான் "நமக்கும் வராதா" என்று ஏங்கினார்கள் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. ஈஸ்வரனைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். கோபிக்காரரே எழுதினால் இன்னும் நல்லது, அவருக்குத்தான் நேரடியாகக் கேட்ட செய்திகள் இருக்கின்றன.

செப்டம்பர் 27

கல்வி அமைச்சர் சி.எஸ். பற்றி ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார்.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம், குலக்கல்வி என்று எதிர்ப்பைச் சந்தித்ததே, அதைக் கைவிடுவதாக 1954 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தவர் சி.எஸ்.தான். யாருடைய ஆதரவில் தலைவர் தேர்தலில் நின்றாரோ, அவர் திட்டத்தையே இரண்டு மாதத்துக்குள் கைவிட வேண்டிய நிலை. மனதுக்குள் என்ன இருந்தது என்று நமக்குத் தெரிய வழியில்லை. ஆனால் எழுந்து நின்று சொன்னார்.

மதிய உணவு காமராஜர் பெயரில் நிற்கிறது, நிற்க வேண்டியதுதான். அதைப் பள்ளி பள்ளியாகக் கொண்டுசேர்த்தவர் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. நிதியும் கல்வியும் ஒரே அமைச்சரிடம் இருந்ததால் எத்தனை கோப்புகள் நிதித்துறையில் படுத்துத் தூங்காமல் போயிருக்கும்! அரசு அலுவலகம் ஏறி இறங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் வந்ததும் அந்தக் காலத்தில்தான். எங்கள் ஊர் வாத்தியார் ஒருவர் கடைசி வரைக்கும் அந்த ஓய்வூதியத்தில்தான் வாழ்ந்தார், மாதம் பிறந்ததும் பேரப்பிள்ளைகளுக்குப் பொரிகடலை வாங்கிக்கொடுப்பார்.

அப்புறம் தமிழ். 1956இல் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் அவர் கொண்டுவந்தது. கல்லூரியில் தமிழ்வழிப் பாடத்தை 1960இல் சோதனையாகத் தொடங்கியது கோவை அரசு கலைக் கல்லூரியில். இது நம் ஊரில் நடந்தது என்பதைக்கூட நாம் சொல்லிக்கொள்வதில்லை.

செப்டம்பர் 28

"தமிழுக்கு இவ்வளவு செய்தவர் 65இல் இந்தித் திணிப்பு அரசில் இருந்தாரே?" என்ற கேள்விக்கு ஒரே வரி. இருந்தார், 1965 பிப்ரவரியில் அதை எதிர்த்து ஓ.வி. அளகேசனோடு சேர்ந்து மத்திய அமைச்சர் பதவியிலிருந்து ராஜினாமாக் கடிதமும் கொடுத்தார். 1967இல் அவரும் தோற்றார், விருதுநகரில் காமராஜரும் தோற்றார். அன்றைய கோபமும் அரிசிப் பஞ்சமும் யாரையும் பிரித்துப் பார்க்கவில்லை.

அக்டோபர் 2

வால்பாறையிலிருந்து எழுதிய அம்மா ஒருவரின் குறிப்பு என்னை நிறுத்திவிட்டது. "நீங்கள் எல்லோரும் தண்ணீர் பெற்றவர்கள். தண்ணீர் நின்ற இடத்தில் இருந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை" என்கிறார்.

பரம்பிக்குளத்துக் காட்டில் காடர், மலசர் போன்ற மக்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். அணைகள் நிரம்பியபோது மூழ்கியது அவர்கள் நடமாடிய காடு. இடம் மாற்றப்பட்டார்கள். அவர்களுக்கு ஆயக்கட்டில் ஒரு மடையும் கிடையாது. அந்தத் தலைமுறை அரசியல்வாதிகள் பலரும் இதை வளர்ச்சிக்கான விலை என்று கடந்துபோனார்கள், சி.எஸ். அதற்கு விதிவிலக்கு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அவரை மதிக்கிறேன் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன். பி.ஏ.பி. விழா மேடையில் அந்த மக்களில் ஒருவரை உட்கார வைத்து முதல் மரியாதை செய்ய வேண்டும் என்று எங்கள் பாசனச் சங்கக் கூட்டத்தில் பேசப்போகிறேன்.

அக்டோபர் 7

திட்டம் தொடங்கிய நாள். இன்றைக்குப் பொள்ளாச்சியில் மாலை போடுவார்கள். நான் போகவில்லை, வாய்க்கால் வேலை இருந்தது.

கடைமடை நிலைமையை எழுதச் சொல்லி ஒருவர் கேட்டார். மதகில் திறக்கும் அளவு தாளில் சரியாக இருக்கும். எங்களிடம் வரும்போது முழங்காலுக்கு ஓட வேண்டியது கணுக்காலுக்கு ஓடும். வழியில் இரவோடு இரவாகக் குழாய் போட்டு உறிஞ்சுகிறார்கள். வாய்க்கால் ஓரமாகக் கிணறு வெட்டி, அங்கிருந்து மோட்டார் வைத்து எங்கெங்கோ கொண்டுபோகிறார்கள். புகார் கொடுத்தால் வந்து பார்ப்பார்கள், இரண்டு நாள் நிற்கும், பிறகு மறுபடியும் ஆரம்பிக்கும். எடுப்பவரும் விவசாயிதான், சில நேரம் சொந்தக்காரரும்கூட. அதனால்தான் வாய் திறக்க முடியாமல் பலர் இருக்கிறார்கள்.

இதையும் எம்.எல்.ஏ. வேலையோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். இன்றைக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது, அதில் நிழற்குடை வரும், சமுதாயக் கூடம் வரும். அவையும் வேண்டியவைதான். ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் வர வேண்டுமென்றால் தன் தொகுதியிலேயே நாலு பேரின் மோட்டாரைக் கழற்றச் சொல்ல வேண்டும். அந்த நாலு பேருக்கும் ஓட்டு இருக்கிறது.

அக்டோபர் 8

முதலில் கேள்வி கேட்ட உடுமலைக்காரர் மறுபடியும் வந்து, "சரிங்க, ஒத்துக்கொள்கிறேன். இன்னும் மிச்சம் என்ன இருக்கிறது?" என்றார். இதுதான் நான் காத்திருந்த கேள்வி.

ஆனைமலையாறு–நல்லாறு திட்டம். ஒப்பந்தத்தில் ஆனைமலையாற்றிலிருந்து 2.5 டி.எம்.சி. நமக்கு உண்டு. கேரளம் இடமலையாறு அணையைக் கட்டி முடித்த பிறகு நாம் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அணை கட்டி முடிந்து பல வருடம் ஆகிவிட்டது. தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பும் வேலை இன்னும் தொடங்கவில்லை. இரண்டு மாநிலமும் குழு போட்டுப் பேசிக்கொண்டே இருக்கின்றன. ஒப்பந்தத்தை முப்பது வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது, அதுவும் இழுபறியில் கிடக்கிறது. அந்தத் தண்ணீர் வந்தால் மண்டலம் ஒன்றுக்கு ஒரு சுற்றாவது கூடுதலாகக் கிடைக்கும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓட்டு கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், உடுமலை, மடத்துக்குளம், பொள்ளாச்சி, பல்லடம், காங்கயம் என்று ஆயக்கட்டு உள்ள எல்லாத் தொகுதியிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ஆனைமலையாற்றுக்காகத் திருவனந்தபுரம் போய்ப் பேசும் குழுவில் உங்களைச் சேர்த்தால், அவர்களுக்கு என்ன கொடுத்து நமக்கு என்ன வாங்கி வருவீர்கள்? பதிலை எழுதி வாங்குங்கள். காங்கயத்துப் பதில்களை நான் இங்கே போடுகிறேன். உடுமலைக்கு நீங்கள் பொறுப்பு எடுத்துக்கொள்ள முடியுமாங்க?